குறுக்கு விசாரணை இல்லை

1

சென்ற வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஒருவனின் சீட்டைக் கிழிப்பதா வேண்டாமா என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பர்மிங்காமுக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலை இது. மாட்டிக்கொண்டவன் ஃப்ராங்க், என் பக்கத்து இயந்திரத்துக்காரன். நேரத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டு, வந்துபோகும் நேரம் பதிகிற தன் அட்டையை இன்னொருவனை விட்டு இயந்திரத்தில் குத்த வைத்தான் என்பது புகார். இப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தொழிலாளி தனக்குத் துணையாக ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம். யூனியன்காரர் விடுப்பில் இருந்ததால் ஃப்ராங்க் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

உள்ளே போனால் சாட்சி நாற்காலியில் ஆல்ஃப் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் பிரிவின் மேற்பார்வையாளன் என்பது இருக்கட்டும், அவன் ஃப்ராங்கின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இனி ஃப்ராங்க் வாயைத் திறக்க மாட்டான், கதை முடிந்தது என்று முடிவுகட்டிவிட்டேன்.

அவனோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆல்ஃப், நான் கிளம்பிப் போனதை நீ கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டான்.

"இல்லை. சொல்லக் கேட்டேன்."

"யார் சொன்னது?"

ஆல்ஃப் மூக்கைச் சொறிந்துகொண்டான். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றான். "அப்படியானால் நீ பார்க்கவில்லை. அதை எழுதிக்கொள்ளச் சொல்" என்றான் ஃப்ராங்க். எழுதிக்கொண்டார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வேலை தப்பியது.

எனக்கு அதிசயமாகப் பட்டது இதுவல்ல. மாலையில் நான் பேருந்துக்கு நின்றபோது, எதிரே இருந்த மதுக்கடைக்குள் மைத்துனர்கள் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நுழைந்தார்கள். நான் ஒரு பேருந்தைத் தவறவிட்டுவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

2

நான் இங்கே வந்தது என் திறமையால் அல்ல. என் மனைவி பிலோமினா நர்ஸ். அவளைத்தான் இந்த நாடு கூப்பிட்டது. நான் அவளுடைய பெட்டி படுக்கைகளோடு சேர்ந்து வந்தவன். குடியேற்ற அலுவலகத்தில் என் பெயருக்கு நேரே 'சார்ந்திருப்பவர்' என்று முத்திரை குத்தினார்கள். கள்ளிக்குப்பத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு இது தெரிந்தால் இன்னும் பத்து வருடம் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், சிரித்துக்கொள்ளட்டும்.

வந்த புதிதில் நடந்த இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். தொழிலாளியின் காப்பீட்டு அட்டைகளை அப்போது இங்கே முதலாளிதான் வைத்திருப்பார். வேலையைவிட்டு அனுப்பும்போது அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் 'அட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள்' என்றால் நம் ஊரில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்பதற்குச் சமம். எனக்கு இது எங்கே தெரியும்? பில் என்கிற கிழவருக்கு அட்டைகள் கிடைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் நேரம் வேறு. வாழ்த்து அட்டை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அந்தப் புண்ணியவான் என்னை அடிக்கவில்லை.

பில் போனபோது ஒரு கேள்விமுறை கிடையாது. இப்போது அப்படி முடியாது. நியாயமான காரணம் இல்லாமல் வேலையைவிட்டு நீக்கினால் தொழிலாளி தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சட்டம் வந்துவிட்டது. ஏதோ உலகத்திலேயே முதன்முதலாகத் தாங்கள்தான் கண்டுபிடித்ததைப் போல இங்குள்ளவர்கள் அதைப் பற்றி எனக்கு விளக்குகிறார்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், சாட்சியை விசாரிக்க விட வேண்டும், அப்புறம்தான் தண்டனை. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறேன். இதெல்லாம் அம்பத்தூரில் எங்களுக்கு அதற்கு முன்பே இருந்தது. இருந்தும் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

3

சுமார் பத்து வருடத்துக்கு முன், அறுபதுகளின் பின்பாதியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கம்பெனியில் நான் லேத் ஓட்டினேன். சுற்றிலும் புதுக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நேற்றுவரை நாற்று நட்ட கைகள் இன்று மைக்ரோமீட்டர் பிடித்தன. எனக்கு அடுத்த லேத்தில் அருளப்பன். கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருவான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன் என்பதால் அண்ணாத்தே என்று கூப்பிடுவேன். அளவு தப்பாத கை அவனுக்கு. பேச்சு மட்டும் குறைவு.

எங்கள் ஃபோர்மேன் சின்னப்பன், பருத்திப்பட்டுக்காரர். அருளப்பனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதோடு நிற்கவில்லை. அருளப்பனின் முதல் குழந்தை ஜெயசீலிக்கு ஆவடி கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவரே. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த உறவு ரத்த உறவுக்குக் குறைந்ததல்ல. அப்பன் செத்தால் பிள்ளைக்கு அவர்தான் அப்பன். அவருக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டோம், எதிர்த்துப் பேச மாட்டோம்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் வீட்டில் மோட்டார் ரிப்பேர், குழாய் ஒழுகல், கதவுக்குத் தாழ்ப்பாள் என்று எது வந்தாலும் ஃபோர்மேனுக்குச் செய்தி வரும். ஃபோர்மேன் ஷிஃப்டில் இருக்கும் யாரையாவது அனுப்புவார். போகிறவனுக்கும் அது ஒரு பெருமைதான், மேனேஜர் அம்மா காபி கொடுப்பார்கள். எந்தத் தாளிலும் இது ஏறாது. ஆள் மிஷினில் இருப்பதாகவே கணக்கு.

அன்றைக்கும் அப்படித்தான். புதிதாக வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய பெரிய லேத்தில் அருளப்பன் வேலை செய்துகொண்டிருந்தான். சின்னப்பன் வந்து, "மேனேஜர் ஊட்ல மோட்டார் ஓடலியாம். போய்ட்டு வந்துடு" என்றார்.

"மிஷின் ஃபீடுல கீதுண்ணே, தானா வெட்டிகினு கீது. நிறுத்திட்டுப் போறேன்."

"ஓடட்டும். மொதலாளி ரவுண்ட்ஸ் வர்ற நேரம், நிறுத்தாத. நான் பாத்துக்கறேன், நீ போ."

அருளப்பன் போனான். சின்னப்பனை வேறு யாரோ கூப்பிட, அவரும் நகர்ந்தார். நான் என் வேலையில் குனிந்திருந்தேன். டமால் என்று சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது புது லேத்தின் வெட்டுகிற டூல் முறிந்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக் சிதைந்து கிடந்தது. முதலாளி சரியாக அந்த நேரத்தில் உள்ளே வந்தார். மிஷினுக்கு முன்னால் ஆள் இல்லை.

4

சார்ஜ் ஷீட் வந்தது. அனுமதியின்றி வேலையிடத்தை விட்டுப் போனது, அலட்சியத்தால் இயந்திரத்துக்குச் சேதம் விளைவித்தது. முதல் நாளிலிருந்தே சஸ்பென்ஷன். மேனேஜருக்கு உண்மை தெரியும். ஆனால் வேலை நேரத்தில் ஆளைத் தன் வீட்டுக்கு வரவழைத்தது முதலாளிக்குத் தெரிந்தால் அவர் பாடு திண்டாட்டம். அதனால் அருளப்பன் போக வேண்டும், கதை அதோடு முடிய வேண்டும்.

விளக்கக் கடிதத்தில் உண்மையை எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். அவன் 'ஒரு வேலையாகப் போயிருந்தேன், மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். விசாரணையில் துணைக்கு என்னைக் கேட்டான். பள்ளி இறுதி வகுப்பு படித்தவன் என்பதாலும், நடந்ததைக் காதால் கேட்ட ஒரே ஆள் என்பதாலும் எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. ராத்திரியெல்லாம் கேள்விகளை மனப்பாடம் செய்தேன் என்று கதைவிட மாட்டேன். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'அருளப்பனை அனுப்பியது யார்?' இது போதும்.

மேனேஜர் அறையில் விசாரணை. நடத்தியவர் பட்டணத்திலிருந்து வந்த ஒரு வக்கீல். நல்ல மனிதர். அருளப்பனுக்கும் நாற்காலி போடச் சொன்னார். அருளப்பன் உட்காரவில்லை. சின்னப்பன் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

சின்னப்பன் சாட்சி சொன்னார். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததையும், அருளப்பன் அங்கே இல்லாததையும் பார்த்தேன் என்றார். பொய் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். ஏன் இப்படி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"குறுக்கு விசாரணை செய்கிறீர்களா?" என்றார் வக்கீல்.

நான் எழுந்துவிட்டேன். அருளப்பன் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"வாணாம் சவரி. குந்து."

"அண்ணாத்தே, ஒரே ஒரு கேள்வி. கேக்கலன்னா உன் வேல பூடும்."

"என் கொயந்தைய தூக்கினு நின்ன மனுசன். அவரப் போயி கேள்வி கேக்கச் சொல்றியா? குந்துன்னா குந்து."

துணைக்கு வந்தவன் தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் பேச முடியாது. வக்கீல் அவனிடம் நேராகவே மறுபடியும் கேட்டார். சாட்சியை மறுக்காவிட்டால் அது அப்படியே நிற்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அருளப்பன் எழுந்து கைகட்டிக்கொண்டு, "கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றான். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் வேலைநீக்க உத்தரவு வீட்டுக்குப் போனது.

5

சட்டத்தில் ஏறக்கூடிய படிகள் எல்லாவற்றிலும் ஏறினோம். தொழிலாளர் அதிகாரி சமரசம் பேசிப் பார்த்துக் கையை விரித்தார். தொழிலாளர் நீதிமன்றம் போனோம். ஆவடி ரயிலில் அருளப்பனும் நானும் எத்தனை வாய்தாவுக்குப் போயிருப்போம் என்று நினைவில்லை. அங்கேயும் சின்னப்பன் பெயரை எடுக்கக் கூடாது, தன் வீட்டிலும் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டிப்போட்டிருந்தான். அந்தக் காலத்தில் நீதிமன்றம் பார்த்தது ஒன்றுதான். உள்விசாரணை முறையாக நடந்ததா? நடந்தது. வாய்ப்புக் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். தண்டனை அதிகமா குறைவா என்று எடைபோடும் அதிகாரம் அப்போது நீதிபதிக்கு இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அருளப்பனின் வழக்கு அதற்கு முன்பே முடிந்துபோனது.

வேலைநீக்கம் ஆனவனை எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. ஒரு கேட்டில் நடந்தது மற்ற கேட்டுகளுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அவன் சின்னச் சின்னப் பட்டறைகளில் தினக்கூலிக்குப் போனான். அங்கே சட்டமும் இல்லை, சார்ஜ் ஷீட்டும் இல்லை. "நாளைக்கு வாணாம்ப்பா" என்றால் வேலை முடிந்தது. அவன் மனைவி லூர்து ஒரு தீப்பெட்டி அட்டைக் கம்பெனியில் பசை ஒட்டப் போனாள்.

நான் இங்கிலாந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது சின்னப்பன் என்னைத் தனியாக அழைத்தார்.

"அன்னிக்கு நீ எழுந்தியே நைனா, அப்பாடான்னு இருந்திச்சி எனக்கு. கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன்."

"கேக்காமலே சொல்லியிருக்கலாமே?"

"நானா வாயத் தொறந்தா மேனேஜரக் காட்டிக் குடுத்த மாதிரி. கேட்டு பதில் சொன்னா, கேட்டாங்க சொன்னேன். அவன் கேப்பான் கேப்பான்னு பாத்துகினே இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருவர் கேள்விக்காகக் காத்திருந்தார், இன்னொருவன் மரியாதைக்காகக் கேட்கவில்லை. நடுவில் ஒரு குடும்பத்தின் சோறு போனது. அந்தக் கோபத்தோடுதான் விமானம் ஏறினேன்.

6

இதை என் மகள் அனிதாவிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எனக்குத் தெரிந்த எவரையும் அவள் 'நீ' என்றுதான் நினைக்கிறாள், அந்த மொழியில் வேறு வழியும் இல்லை. "அவர் கேட்டிருக்கலாமே, கேட்டால் என்ன?" என்றாள். ஞானத்தகப்பன் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். "எனக்கும் ஒருவர் இருக்கிறார், பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்புவார்" என்று சொல்லிவிட்டு எழுந்து தொலைக்காட்சிக்குப் போய்விட்டாள். அவள்மேல் வருத்தம்தான். ஆனால் அவளுக்கு நாளைக்கு எந்த வேலையும் இப்படிப் போகாது என்று ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளிடம் மீதிக் கதையை நான் சொல்லவில்லை.

7

இரண்டு வருடங்களுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அப்போது ஜெயசீலிக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் என்பதால் அருளப்பன் தன் சக்திக்கு மீறி விருந்து வைத்திருந்தான். வெள்ளைக் கவுன் சின்னப்பன் எடுத்துக் கொடுத்தது. அந்த வருடங்களில் அவர் ஒரு பண்டிகைக்கும் அந்த வீட்டை மறந்ததில்லை. கோயிலில் குருவானவரிடம் பேசிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்.

பந்திக்கு முன் நானும் அருளப்பனும் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணாத்தே, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ கேட்டிருந்தா அவுரே அனுப்புனேன்னு சொல்லியிருப்பாராம். நீ கேப்பன்னு காத்துனு இருந்தாராம். என்கிட்டயே சொன்னாரு."

அவன் அசையவில்லை. "தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"அவுரு பாத்த பார்வையிலயே தெரிஞ்சிபோச்சி சவரி. கேட்டா சொல்லிருவாரு. அதான் கேக்கல. சொல்லியிருந்தார்னா மிஷினப் பாத்துக்கறேன்னு சொன்னதும் வந்திரும். அடுத்த சார்ஜ் ஷீட் அவருக்கு. அந்த வயசுல நாலு பொண்ண வெச்சிகினு எங்க போவாரு? எனக்கு கை இருந்திச்சி, எங்கனா பொழச்சிக்கலாம்னு நெனச்சேன்." பாயின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டான். "இவ்ளோ கஷ்டம் வரும்னு நெனைக்கல. அவுருகிட்ட சொல்லிடாத. கேக்கத் தெரியாத மண்டுன்னே நெனச்சிக்கட்டும். இல்லன்னா அவுரு இந்த ஊட்டுப் படி ஏற மாட்டாரு."

இத்தனை வருடம் அவனை அசடு என்று நினைத்துக் கோபப்பட்டது வீண் என்று தோன்றியது. ஆனால் அவன் செய்தது சரி என்றும் சொல்ல வரவில்லை. பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் லூர்து நின்றுகொண்டிருந்தாள். பசை தின்ற விரல்கள், நகங்களெல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

"அப்ப அவருதான் அனுப்பினாரா?" என்றாள்.

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேல நேரத்துல எங்கயோ சுத்தப் பூட்டன்னு உன்ன நான் பேசாத பேச்சா? ஒரு வார்த்த சொன்னியாய்யா நீ? தெரிஞ்சேதான் வேலைய வுட்டியா?"

"லூர்து..."

"கேக்கத் தெரியாத ஆளு, இன்னா பண்றதுன்னுதான்யா பொறுத்துகினு இருந்தேன். நாலு பொண்ணுக்கு ரோசன பண்ணியே, என்னப் பத்தி ஒரு நிமிசம் நெனச்சியா?"

அந்த நேரம் பார்த்து, "ஜெயசீலி எங்கம்மா?" என்று குரல் கொடுத்தபடி சின்னப்பன் உள்ளே வந்தார், கையில் இனிப்புப் பொட்டலத்தோடு. எப்போதும்போல முகமெல்லாம் சிரிப்பு. அருளப்பன் சட்டென்று எழுந்து நின்றான். லூர்துவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

லூர்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு இவர மேனேஜர் ஊட்டுக்கு அனுப்புனது நீங்கதான?"

சின்னப்பனின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், அருளப்பனைப் பார்த்தார். யோசிக்கவில்லை, மழுப்பவும் இல்லை.

"ஆமாம்மா" என்றார். "நான்தான் அனுப்பினேன். மிஷின நான் பாத்துக்கறேன்னு சொன்னதும் நான்தான்."

லூர்து தலையை ஆட்டினாள். அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைத்தாள். இலைகளை எடுத்துவந்து வரிசையாகப் போட்டாள். முதல் இலையை எப்போதும் அவருக்குப் போடுகிற இடத்திலேயே போட்டு, "ஒக்காருங்க" என்றாள்.

அவர் உட்காரவில்லை. அருளப்பன் போய் அவர் கையைப் பிடித்தான். அப்போதும் அவர் உட்காரவில்லை. வெளியே வெள்ளைக் கவுனில் ஜெயசீலி, இன்னும் ஏன் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.